கல் என்று சொல்லி எடுத்த சிறுநீரகம்

(வவுணதீவில் ஊர்மக்கள் முன்னிலையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்திருப்பது அரிதான ஒரு நோய். சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய், மூக்கைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளுக்கு, அதாவது நாம் சைனஸ் என்று சொல்லும் இடத்துக்கு, வந்து சேர்வது. இங்கே இருப்பவர்களில் ஒருவருக்குமே இது வராமல் போகலாம். வரவே வேண்டாம். பிறகு எதற்காக வலையிறவுப் பாலத்தைக் கடந்து வந்து இதைப் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். எவ்வளவு நல்ல டொக்டரையும் தவறான பக்கம் பார்க்க வைத்துவிடும் ஒரு பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதைப் பேசத்தான் வந்தேன். அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்பதை இந்த நோயைப் போலக் காட்டித்தரும் வேறொன்றை நான் அறியேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். மூக்கால் இரத்தம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவரின் முன்பக்கத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் அந்த இடம் வறண்டு வெடிக்கும். பிள்ளைகள் விரலை விட்டுத் தோண்டுவார்கள். வயதானவர்களுக்குப் பிரஷர் கூடியிருக்கும், அல்லது இதய வருத்தத்துக்கு அஸ்பிரினோ வோபரினோ குடித்துக்கொண்டிருப்பார்கள். காய்ச்சலோடு மூக்கால் இரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம். அதற்கு ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும். மற்றபடி, நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை முன்னுக்குச் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சுவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் விரலை எடுக்கக் கூடாது. தலையைப் பின்னுக்குச் சாய்க்கச் சொல்லும் மாமாமார் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும், அவ்வளவுதான் பலன்.

இனி ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அறுபது கடந்த வயற்காரர். ஆயித்தியமலைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதமாக இடப்பக்க மூக்கு அடைப்பு. வாரத்தில் ஒரு தடவை இரத்தம், அதுவும் இடப்பக்கத்தால் மட்டும். "பீனிசம்" என்று ஆவி பிடித்தார். மருந்துக் கடையில் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடித்தார். பிறகு கன்னம் வீங்கியது. மேற்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. ஈ.என்.ரி. டொக்டரிடம் போனார். டொக்டர் கேட்டார்: "முந்தி ஏதாவது ஒப்பரேசன் செய்திருக்கா?" "ஒரு குண்டிக்காய் எடுத்த, டொக்டர். கல்லுக்கு." "எப்ப?" "அது பன்னிரண்டு வருசமாச்சு."

கல் என்றால் டொக்டர் அந்தப் பக்கம் மேலும் யோசிக்க மாட்டார். யோசிக்கக் காரணமும் இல்லை. ஆனால் அந்த மனிதருக்குக் கல் இருந்ததே இல்லை. இருந்தது புற்றுநோய்க் கட்டி. மூத்த மகனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், மைத்துனருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. "அப்பா பயந்துபோவார்" என்று எல்லோருமாகச் சேர்ந்து கல் என்று சொல்லி வைத்தார்கள். இந்த மனிதர் நான் உண்டாக்கிய ஆள். இவருடைய மூக்குக்கு நடந்தது மருத்துவ ஏடுகள் திரும்பத் திரும்ப எழுதியது. இவருடைய வீட்டில் நடந்தது உங்களுக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்தது.

மூக்கு எங்கே, சிறுநீரகம் எங்கே? இந்தத் தொடர்பைத்தான் இப்போது விளக்க வேண்டும்.

முகத்து எலும்புக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு வகை இருக்கின்றன. கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, இரு கண்களுக்கும் இடையே தேன்கூடு போலச் சின்னச் சின்னதாகச் சில, மூக்குக்குப் பின்னால் மூளையின் அடித்தளத்தை ஒட்டி ஒன்று. இந்த அறைகளில் வளரும் புற்றுநோயே குறைவு. வேறு உறுப்பிலிருந்து பரவி வருவது அதைவிடக் குறைவு. ஆனால் தோளெலும்புக்குக் கீழே உள்ள உறுப்புகளில் எது அதிகமாக இங்கே பரவுகிறது என்று பார்த்தால், முதலிடத்தில் சிறுநீரகம் நிற்கிறது. நுரையீரலும் மார்பகமும் அதற்குப் பின்னால்தான். பெரும்பாலும் கன்னத்து அறையில் வந்து தங்கும்.

வரும் வழி இரண்டு. இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சிறுநீரகங்களுக்குப் போகிறது; நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கும் கூட. இந்தப் புற்றுநோய்க்கு நாளங்களுக்குள் நுழையும் குணம் உண்டு; சிறுநீரக நாளத்திலிருந்து பெருநாளம் வரை கட்டியாகவே வளர்ந்து ஏறுவதைக் கண்டிருக்கிறோம். அங்கிருந்து உதிரும் கலங்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய், அங்கே பிடிபடாமல் தப்பினால், கழுத்துத் தமனி வழியாக முகத்துக்கு ஏறும். இது முதல் வழி. ஆனால் நுரையீரலில் ஒரு புள்ளிகூட இல்லாத நோயாளருக்கும் மூக்கில் கட்டி வந்ததே, அது எப்படி? அதற்கு விடை தந்தவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஒஸ்கார் பற்சன். முதுகெலும்பை ஒட்டி இடுப்பிலிருந்து மண்டையோடு வரை ஓடும் நாளப் பின்னலை அவர் 1940இல் விளக்கினார். அந்த நாளங்களில் வால்வுகள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்; அப்போது இரத்தம் நுரையீரலைச் சுற்றிப் போகாமல் நேரே மேல்நோக்கி ஏற முடியும். முதுகெலும்பின் பின்னால் இப்படி ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது.

அடுத்த கேள்வி, இந்தக் கட்டி ஏன் இப்படி இரத்தம் கொட்டுகிறது என்பது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒட்சிசன் குறைந்தால் புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்லி நம் கலங்கள் ஒரு புரதத்தை உண்டாக்கும். ஒட்சிசன் போதும் என்றானதும் அதைப் பிடித்து அழிக்க இன்னொரு புரதம் இருக்கிறது. அந்த இரண்டாவது புரதத்துக்குரிய மரபணுவின் பெயர் வி.எச்.எல்.; மூன்றாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது; 1993இல் அடையாளம் கண்டார்கள். சிறுநீரகப் புற்றுநோய்களில் மிகுதியாக வரும் வகையில் பெரும்பாலும் இந்த மரபணு பழுதாகியிருக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது, வட்டவிதானை ஊரில் இல்லை, கதவை மூட ஆளில்லை என்றால் வயல் என்னவாகும்? அதுதான் இங்கே நடக்கிறது. ஒட்சிசன் தாராளமாக இருந்தும் "குழாய் வளர், குழாய் வளர்" என்ற கட்டளை நிற்பதில்லை. கட்டி முழுவதும் மெல்லிய சுவருள்ள இரத்தக் குழாய்களாக நிறைந்துவிடுகிறது. கலங்கள் ஒட்சிசனை உணரும் இந்தப் பொறிமுறையை விளக்கியதற்காகத்தான் வில்லியம் கேலின், பீற்றர் ராற்கிளிவ், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. மூக்கால் வடியும் இரத்தத்துக்கும் ஸ்ரொக்ஹோமில் கொடுத்த பரிசுக்கும் இடையே தூரம் அவ்வளவு இல்லை.

இன்னொரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் நாட்டில் சிறுநீரக வருத்தம் என்றவுடன் எல்லோர் மனதிலும் வருவது அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளை 1990கள் முதல் வாட்டிவரும் நாட்பட்ட சிறுநீரக நோய். அது சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழப்பது. கிணற்றுத் தண்ணீர், வெப்பம், கிருமிநாசினி என்று அதன் காரணத்தை இன்னும் ஆராய்கிறார்கள். நான் சொல்வது வேறு நோய். சிறுநீரகப் புற்றுநோய்க்கு நிச்சயமாகத் தெரிந்த காரணங்கள் புகைத்தல், அதிக உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம். ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் சந்திக்கும்: பல ஆண்டுகளாக இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவரின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி, அவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது.  

இந்தப் புற்றுநோயின் மிகக் கெட்ட குணம் அதன் பொறுமை. விலாவில் நோவு, சலத்தோடு இரத்தம், கையில் தட்டுப்படும் கட்டி என்று பழைய புத்தகங்கள் மூன்று அறிகுறிகளைச் சொல்லும். இன்று அந்த மூன்றும் ஒன்றாக வருவது அரிது. வேறு எதற்கோ ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகத் தெரிவதே அதிகம். கண்டுபிடிக்கும்போதே கணிசமானோருக்கு வேறிடத்துக்குப் பரவியிருக்கும். சிறுநீரகத்தை எடுத்துச் சுகமாக வீடு திரும்பியவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பும். அநேகமாக முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பும். ஆனால் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு, அதற்கும் பிறகு திரும்பிய கதைகள் இந்த நோயில் நிறைய உண்டு. கிளினிக்கில் "இனி வரத் தேவையில்லை" என்று அனுப்பி, பேரப்பிள்ளையும் பிறந்து, எல்லோரும் மறந்த பிறகு.

இப்போது நம் ஊரின் வரலாற்றை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1978இல் சூறாவளி. 2004இல் சுனாமி வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையை அள்ளிக்கொண்டு போனது. 2007இல் போரினால் மேற்குக் கரையான படுவான்கரைச் சனங்கள் ஆயிரக்கணக்கில் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். இடையில் எத்தனை வெள்ளம். ஓட்டத்தில் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுப்பார்கள். ஆசுபத்திரித் துண்டை யார் எடுப்பார்? பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து திரும்பி வரும் நோய்க்குப் பதினைந்து ஆண்டு பழைய காகிதம் தேவை. நம்மிடம் அது இல்லை. விலாவில் உள்ள தழும்பு மட்டும் இருக்கிறது. அந்தத் தழும்பு எதற்காக என்று அறிந்த ஒருவராவது, அதுவும் அந்த உடம்புக்குரியவர், இருக்க வேண்டாமா?

நோயாளரிடம் மறைப்பது அன்பினால் என்பதை நான் அறிவேன். புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டே ஆள் படுத்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகன் வெளிநாட்டுக்குப் போய்விடுவான், அம்மா காலமாகிவிடுவார், உண்மையை அறிந்த கடைசி ஆளும் பக்கத்தில் இல்லாத நாளில் அப்பா தனியே கிளினிக்கில் இருந்து "கல்லுக்கு எடுத்த" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நாம் சொன்ன பொய்யை அவர் உண்மையாகக் காவிக்கொண்டு திரிகிறார். சொல்லும் விதம் இருக்கிறது, சொல்லும் நேரம் இருக்கிறது. டொக்டரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். சொல்லாமல் விடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். இன்னொன்று: வயதானவர்களிடம் பழைய ஆசுபத்திரித் துண்டு இருந்து, அதில் "ஹைப்பர்நெப்ரோமா" என்று எழுதியிருந்தால் அதுவும் இந்தப் புற்றுநோய்தான். ஜேர்மனிய நோயியலாளர் போல் கிராவிற்ஸ் 1883இல் இக்கட்டி சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியின் துணுக்கிலிருந்து வளர்வதாகக் கருதினார். அந்தக் கருத்து தவறென்று தெரிந்த பிறகும் பெயர் பல காலம் ஆசுபத்திரிகளில் புழங்கியது.

சரி, "புற்றுநோய்க்கு எடுத்தது" என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். என்ன வித்தியாசம் வரும்? மிகப் பெரிய வித்தியாசம். மூக்குக்குள் சிவந்த சதை தெரிந்தால் சாதாரணமாகக் கதிரையில் இருத்தியே ஒரு துண்டு கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இந்தக் கட்டியில் அப்படிக் கிள்ளினால் நிறுத்த முடியாத இரத்தப்போக்கு வரலாம். தெரிந்த டொக்டர் முதலில் சீ.ரி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார், இரத்தம் ஏற்ற ஆயத்தம் செய்து, சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்துத்தான் துண்டெடுப்பார். தேவையானால் தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை முகம் வரை செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்தத்தை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்கள் வெறுமையாக, தெளிந்த நீர் நிரப்பியதுபோல இருக்கும். உள்ளே இருந்த கொழுப்பும் கிளைக்கோஜனும் சோதனைக்காகப் பதப்படுத்தும்போது கரைந்துபோய்விடுவதால் வரும் தோற்றம். அது சிறுநீரகத்திலிருந்து வந்ததா என்பதை உறுதிசெய்யச் சாயச் சோதனைகள் உண்டு. சிறுநீரகத்தில் நோய் இருப்பதே தெரியாமல், மூக்கில் எடுத்த துண்டைப் பார்த்து வயிற்றை ஸ்கேன் செய்து கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

சிகிச்சையைத் தீர்மானிப்பது ஒரு கேள்வி: மூக்கில் மட்டுமா, வேறிடத்திலுமா? நெஞ்சு, வயிறு, எலும்பு, தேவையானால் மூளை, எல்லாம் பார்த்த பிறகு மூக்கில் ஒன்றே ஒன்றுதான் என்றால், அதை வெட்டி எடுப்பது பயன் தரும். இன்று பெரும்பாலும் முகத்தைக் கிழிக்காமல் மூக்குத் துவாரம் வழியாகக் கமராக் குழாயை விட்டே செய்கிறார்கள். இப்படி ஒற்றைக் கட்டியை முழுதாக எடுத்தவர்களில் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டு. இங்கே நோயின் பொறுமை நமக்குச் சாதகமாகிறது. முதல் நோய் கண்டு ஓர் ஆண்டுக்குள் பரவலுக்கு மருந்து தேவைப்பட்டால் அது கெட்ட குறி. பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தால் மெதுவாக நடக்கும் நோய் என்று அர்த்தம்.

வெட்ட முடியாத இடமானால், கண் நரம்புக்கோ மூளைக்கோ நெருங்கியிருந்தால், கதிர்ச் சிகிச்சை. சிறுநீரகப் புற்றுநோய் கதிருக்கு மசியாது என்றுதான் நாங்கள் படித்தோம். சிறு சிறு அளவுகளாகக் கொடுத்த காலத்துப் பாடம் அது. இன்று குறி தவறாமல் ஒரே தடவையில் கூடிய அளவு கொடுக்கும்போது நன்றாகவே கட்டுப்படுகிறது. இரத்தத்தை நிறுத்தவும் நோவைக் குறைக்கவும் பழைய முறையும் உதவும்.

மருந்து விடயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: முடி கொட்டவைக்கும் வழக்கமான கீமோ இந்த நோயில் வேலை செய்வதில்லை. 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ரர்லூக்கின் ஊசி மிகச் சிலருக்கு நோயை முற்றாக அழித்தது, மற்றவர்களை வாட்டியெடுத்தது. அப்போது பரவிய நோயோடு வாழும் காலம் ஓர் ஆண்டு அளவுதான். 2005 இறுதியில் சொறாபெனிப், 2006 தொடக்கத்தில் சுனிரினிப் வந்தன. நான் முன்பு சொன்ன இரத்தக் குழாய்க் கட்டளையைத் தடுக்கும் குளிசைகள் இவை. பிறகு பசோபனிப், கபோசன்ரினிப். 2015இலிருந்து நிவோலுமாப் போன்ற ஊசிகள், நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருக்கும் தடையை அகற்றுபவை. அந்த வழியைக் கண்டறிந்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்சோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். நிவோலுமாப்பையும் இப்பிலிமுமாப்பையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் பாதிப்பேர் நான்கு ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள்.

வயற்காரர்களுக்காக ஒரு குறிப்பு. சுனிரினிப் குடிப்பவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெடித்துப் புண்ணாகும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவருக்கு அது தாங்காது. நாற்று நடும் காலத்தில் "மருந்து ஒத்துவரவில்லை" என்று குளிசையைத் தாமாக நிறுத்திவிடாமல் டொக்டரிடம் சொன்னால் அளவையும் நாட்களையும் மாற்றித் தருவார். பிரஷர் கூடும், அதைப் பார்க்க வேண்டும். தைரொயிட் சுரப்பு குறையும். சத்திரசிகிச்சைக்கு முன் நிறுத்த வேண்டும், இல்லையேல் காயம் ஆறாது. எதிர்ப்புச் சக்தி ஊசி போட்டவருக்கு வயிற்றோட்டம் நாட்கணக்கில் நீடித்தால் அது சாப்பாட்டுக் கோளாறு அல்ல. குடலையே எதிர்ப்புச் சக்தி தாக்குகிறது, உடனே ஆசுபத்திரி.

செலவைப் பற்றிப் பேசாமல் போனால் நேர்மையில்லை. நம் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே அலைந்தோம். இந்த ஊசிகளைச் சொந்தக் காசில் போடுவது ஒரு வயற்குடும்பத்தால் இயலாத காரியம். காணியை விற்று முதல் ஊசியைப் போட்டு, மூன்றாவதற்குக் காசில்லாமல் நிற்பதைவிட, முதல் நாளே "எங்களால் எவ்வளவு முடியும், அதற்குள் எது நல்லது" என்று புற்றுநோய் நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். அவருக்கு அது கோபத்தைத் தராது.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த தாய் ஒருவர் கேட்ட கேள்வியையும் என் பதிலையும் இங்கே சேர்க்கிறேன். "ஒரு குண்டிக்காயோட இருக்கிற ஆளுக்கு மற்றதும் பழுதாகுமா, டொக்டர்?" என்றார். ஒன்று நன்றாக இருந்தால் அதோடு முழு ஆயுளும் வாழலாம், அம்மா. மற்றதிலும் புற்றுநோய் வருவது உண்டு, ஆனால் குறைவு. அதற்காகத்தான் ஸ்கேன் செய்யச் சொல்கிறோம். அன்றாடம் கவனிக்க வேண்டியது பிரஷரும் சீனியும், பிறகு கடையில் வாங்கும் நோக்குளிசை. இடுப்பு நோவுக்கு டைக்குளோபெனக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் இருக்கிற ஒன்றும் கெடும்; பனடோல் பரவாயில்லை. சீ.ரி. ஸ்கேனுக்குக் கையில் ஊசி மருந்து ஏற்ற வரும்போது, அவர்கள் கேட்காவிட்டாலும், "எனக்கு ஒன்றுதான் இருக்கு" என்று சொல்லச் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவைப் பார்த்துவிட்டு அவர்கள் அளவைத் தீர்மானிப்பார்கள்.